வட்டிக் கணக்கைக் கற்பித்தல் தகுமா?

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகையை முடித்துக்கொண்டு நாம் வீடு திரும்பியபோது, பதினோராம் வகுப்பில் பயிலும் நம் தங்கை மகள் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருந்தாள். அவளுடைய தந்தையார் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். வீட்டிலுள்ள பெண்மக்கள் எவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். ஆகவே, ஓதிப் படித்தவர் என்று பெயரெடுத்துவிட்ட நம்மை நாடி வந்திருக்கிறாள்.

"மாமா, இந்த ரெண்டு கணக்கை மட்டும் போட்டுத் தாங்க. காலையிலே டீச்சர்கிட்டே காட்டணும்" என்றாள்.

முதற் கணக்கைப் படித்துப் பார்த்தோம். ஒருவர் 10,000 ரூபாயை வங்கியொன்றில் இடுகிறார். ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டி. அத்தொகை எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும்? மடக்கையைப் பயன்படுத்தி விடை காண்க. இதுவே வினா.

உள்ளே தஸ்பீஹுடன் அமர்ந்திருந்த நம் தாயாரின் காதில் 'வட்டி' என்னும் சொல் விழுந்துவிட்டது. "தொழுதுட்டு வந்த கையோட வட்டிக் கணக்கா போடப் போறே?" என்று அங்கிருந்தே கேட்டார்கள். பிள்ளையின் முகம் வாடிற்று. புத்தகத்தை மூடினாள். "இதைப் படிக்கிறதே பாவமா மாமா? அப்படின்னா இந்தப் பாடத்தை விட்டுடட்டுமா?" என்றாள்.

அவ்வினா நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவை வேறொரு பிள்ளை நம்மிடம் கேட்டான். அன்று நாம் தயங்காமல் விடை சொன்னோம். அந்த விடையின் விளைவை அறிந்த பின்னர் அதுபற்றி எழுதாமல் இருப்பது அமானிதத்திற்குத் தகாது என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அவன் நம்மிடம் மாலை நேரத்தில் ஓத வந்தவன். பகலில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படித்தான். நல்ல பேணுதலுள்ள பிள்ளை. "ஹஜ்ரத், தேர்வில் கூட்டு வட்டிக் கணக்கு வருகிறது. எழுதலாமா?" என்று கேட்டான். "நமக்கு வேண்டாத கணக்கு அது. விட்டுவிட்டு மற்றவற்றை எழுது" என்றோம். அவன் அப்படியே செய்தான். மதிப்பெண் குறைந்ததைப் பற்றி ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை. அவனுடைய தக்வாவை நாலு பேரிடம் எடுத்துச் சொல்லி நாம் மகிழ்ந்ததும் உண்டு.

பிள்ளை வளர்ந்தான், சிறு கடை வைத்தான். ஒரு நெருக்கடியில், நம்மிடமோ ஜமாஅத்தாரிடமோ சொல்லக் கூச்சப்பட்டு, வட்டிக்கு விடும் ஒருவரிடம் 50,000 ரூபாய் வாங்கிவிட்டான். மாதம் நூற்றுக்குப் பத்து. கட்டத் தவறிய வட்டி அசலோடு சேரும் என்பது ஏற்பாடு. ஓராண்டு எதையும் கட்ட இயலவில்லை. மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு மாதத்திற்கு 60,000, அசலோடு 1,10,000 என்று அவன் மனக்கணக்காகப் போட்டு வைத்திருந்தான். நீட்டப்பட்ட தாளிலோ 1,56,921 ரூபாய் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை நம்மிடம் கொண்டுவந்தான். நாமும் அவனும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏமாற்றா, கணக்கா என்று இருவருக்கும் விளங்கவில்லை. அவன் மனைவியின் நகைகள் போயின. வட்டிக்கு வாங்கியது அவனுடைய பிழைதான். ஆயினும், தான் எதில் கால் வைக்கிறோம் என்பதை அளந்து பார்க்கும் கோலை அவன் கையிலிருந்து வாங்கி எறிந்தவர் யார்? அவனுக்குக் கணக்கு வேண்டாம் என்று சொன்ன நாமல்லவா?

இந்த நினைவு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கையில்தான் தங்கை மகள் அதே வினாவை எடுத்து வைத்தாள். இம்முறை அவசரப்பட்டு விடை கூற நா எழவில்லை.

தாயாரின் அச்சம் காரணமற்றதன்று. வட்டி உண்பவர், அதைக் கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் இருவர் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, இவர்கள் யாவரும் சமமே என்று அறிவித்ததை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். எழுதுபவரும் அப்பட்டியலில் இருக்கிறார் என்பதே நம்போன்றவர்களை நடுங்கச் செய்வது. பிள்ளையின் குறிப்பேட்டில் நாம் எழுதுவதும் அந்த எழுத்தில் சேருமோ?

நிதானித்து ஆராய்ந்தால் வேற்றுமை புலப்படும். அங்கே குறிக்கப்படும் எழுத்து ஓர் உடன்படிக்கையை உறுதி செய்யும் எழுத்து. அவ்வெழுத்தால் ஒருவனுடைய கழுத்தில் கடன் ஏறுகிறது. மற்றொருவனுக்கு அவனிடம் கேட்கும் பிடி கிடைக்கிறது. பிள்ளையின் ஏட்டிலுள்ள 10,000 ரூபாய் எவருடையதுமன்று. அதை எழுதுவதால் எவர் பொருளும் எவர் கைக்கும் மாறுவதில்லை. செய்கைக்கு உதவுவது வேறு. செய்கையின் தன்மையை அறிய உதவுவது வேறு. மருத்துவம் பயில்வோர் நஞ்சின் அளவைப் படிக்கின்றனர். அதனால் அவர்கள் நஞ்சூட்டுவோர் ஆகிவிடுவதில்லை. நம் ஃபிக்ஹு நூல்களில் வட்டியைப் பற்றிய பாடம் எத்துணை விரிவாக அமைந்துள்ளது என்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். வட்டியின் வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிய இமாம்கள் அதனை விரும்பியா எழுதினார்கள்? விலகவேண்டியதன் எல்லை எது என்று தெரிந்தாலன்றி விலக முடியாது என்பதால் எழுதினார்கள். மார்க்க விளக்கமில்லாதவர் நமது சந்தையில் விற்பனை செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. அறியாமையைப் பேணுதல் என்று கருதியிருந்தால் அப்படி ஒரு கட்டளை பிறந்திருக்குமா?

கணக்கை மறைத்து வைப்பதால் நன்மை பெறுபவர் யார் என்பதையும் சிந்திக்கவேண்டும். ஐரோப்பாவில் வட்டிப் பெருக்கத்தைக் காட்டும் வாய்பாடுகளை வங்கியாளர்கள் நெடுங்காலம் தம் வீட்டு இரகசியமாக வைத்திருந்தனர். 1582ஆம் ஆண்டில் சைமன் ஸ்டெவின் என்னும் கணித அறிஞர் ஆண்ட்வெர்ப் நகரில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார். அதற்குமுன் கடன் பெற்றவன், கொடுத்தவன் சொன்னதையே கணக்கு என்று நம்பவேண்டியிருந்தது. வட்டிக்காரருக்கு இலாபம் தருவது நமது அறிவன்று, நமது அறியாமையே.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின், கற்பிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தோம். ஆனால் எப்படி உதவுவது என்ற இரண்டாவது வினா எஞ்சி நின்றது. பிள்ளை கேட்டதோ விடை. இக்காலத்தில் கைப்பேசியைக் கணக்கின் மேல் பிடித்துப் படமெடுத்தாலே விடை வந்துவிடுகிறது. அதை அவள் பெயர்த்தெழுதிக்கொண்டு போனால் காலைக் கவலை தீர்ந்துவிடும். மறுநாள் கணக்கு முந்திய நாள் கணக்கின் மேல் ஏறி நிற்பது. இன்று ஒன்றை இரவல் வாங்கியவள் நாளை இரண்டை வாங்கவேண்டிவரும். அறியாமையும் குட்டி போடும். மேலும், தான் போடாததைத் தான் போட்டதாக ஆசிரியையிடம் காட்டுவது உண்மைக்கு மாறு. வட்டிக்கு அஞ்சுகின்ற வீட்டில் பொய்க்கு அஞ்சவேண்டாமா?

நமக்கிருந்த மற்றோர் இடையூறையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். மடக்கை என்பது நமக்கே தெரியாது. ஃபராயிள் எனும் வாரிசுரிமைக் கணக்கை முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கிறோம். எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பங்கு பிரிப்பதில் நமக்குத் தடுமாற்றமில்லை. ஆனால் மடக்கை வாய்பாட்டை அன்றுதான் முதன்முதலில் கையிலெடுத்தோம். சிறு பிள்ளையிடம் 'தெரியாது' என்று சொல்ல நாணம் குறுக்கிட்டது. அப்போது இப்னு கல்லிகான் அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான், திமிஷ்கு நகரின் காழியாக இருந்தவர்; 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் பெருநூலின் ஆசிரியர். அந்நூலில் சதுரங்கப் பலகையைப் பற்றிய கதையொன்றைக் கூறுகிறார். முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு ஓர் அறிஞர் மன்னரிடம் பரிசு கேட்டாராம். மன்னர் அதை அற்பம் என்று எண்ண, நாடு முழுவதிலுமுள்ள தானியம் போதாதென்று கணக்கர்கள் கூறினராம். இதைப் படித்த தமக்கு நம்பிக்கை உண்டாகவில்லை என்று காழியவர்கள் வெளிப்படையாக எழுதுகிறார்கள். பின்னர் இஸ்கந்தரிய்யா நகரத்துக் கணக்கர் ஒருவர் தாளை எடுத்து, பதினாறாம் கட்டம் வரையில் இரட்டித்து 32,768 என்று காட்டினார். அதனை ஒரு படி அளவாகக் கொண்டு மேலும் இரட்டித்தார். படிகள் மூட்டைகளாயின, மூட்டைகள் களஞ்சியங்களாயின, களஞ்சியங்கள் நகரங்களாயின. அப்போதுதான் தமக்கு விளங்கிற்று என்று அவர்கள் பதிவு செய்கிறார்கள்.

பெரிய காழி ஒருவர், 'எனக்கு விளங்கவில்லை. ஒரு கணக்கர் விளக்கினார்' என்று நூலிலேயே எழுதி வைத்திருக்கும்போது நமக்கென்ன நாணம்? அந்தக் கணக்கர் உதவிய முறையையும் கவனிக்கவேண்டும். 'நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்று அவர் கூறவில்லை. கேட்பவர் தம் கண்ணாலேயே காணும்படி ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனார்.

ஆகவே பிள்ளையிடம், "எனக்கும் தெரியாதும்மா. உன் டீச்சர் சொன்னதை நீ எனக்குச் சொல்லு. விளங்காத இடத்தில் நான் கேட்கிறேன்" என்றோம். அவள் முதலில் சிரித்தாள். பின்பு சொல்லத் தொடங்கினாள். நூறு என்பது பத்தை இருமுறை பெருக்கியது. ஆயிரம் என்பது மும்முறை பெருக்கியது. நூறை ஆயிரத்தால் பெருக்கினால் இலட்சம். அது பத்தை ஐந்து முறை பெருக்கியது. அதாவது, மேலே பெருக்கல் நடக்கும்போது கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டல்தான் நடக்கிறது. எத்தனை முறை பெருக்கினோம் என்னும் அந்த எண்ணிக்கையே மடக்கை. பத்தின் அடுக்காக அமையாத இடைப்பட்ட எண்களுக்கும் இதே எண்ணிக்கையைப் பின்னமாகக் கணித்து வைத்ததே வாய்பாடு.

இதனை முதலில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டின் ஜான் நேப்பியர்; ஆண்டு 1614. பத்தை அடிமானமாகக் கொள்ளும் மடக்கை வாய்பாட்டை ஹென்றி பிரிக்ஸ் 1617இல் வெளியிட்டார். 'லோகரிதம்' என்னும் சொல் நம் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று சிலர் மேடைகளில் கூறக் கேட்டிருக்கிறோம். அது பிழை. அவர் பெயரிலிருந்து வந்தது 'அல்காரிதம்' என்னும் சொல். 'லோகரிதம்' நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கியது. அல்-குவாரிஸ்மிக்கு இரவல் பெருமை தேவையில்லை. அவர் பக்தாதில் எழுதிய 'அல்-ஜப்ர்' நூலின் பெரும் பகுதி வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கையும் கணக்கிடுவதற்கே செலவாகியிருக்கிறது. மார்க்கக் கடமையும் கணக்கும் அவருக்கு இரு வேறு வீடுகளாகத் தோன்றவில்லை.

பிள்ளை கணக்கைத் தொடர்ந்தாள். ஒவ்வோர் ஆண்டும் தொகை 1.08 மடங்காகிறது. எத்தனை முறை அப்படிப் பெருக்கினால் 2 வரும் என்பதே வினா. வாய்பாட்டில் 2-இன் மடக்கை 0.3010, 1.08-இன் மடக்கை 0.0334. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 9.01. "ஒன்பது வருஷம் மாமா" என்றாள். "ஒன்பதா, ஒன்பதுக்கு மேலா?" என்று கேட்டோம். அவள் ஒவ்வோர் ஆண்டாகப் பெருக்கிப் பார்த்தாள். ஒன்பதாம் ஆண்டு முடிவில் 19,990 ரூபாய். இரட்டிப்புக்குப் பத்து ரூபாய் குறைவு. அந்தப் பத்து ரூபாயைத் தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை, விடையை நாம் எழுதிக் கொடுத்திருந்தால் கண்டிருக்கமாட்டோம்.

ஆனால் நம் உள்ளத்தில் ஒரு கவலை எழுந்தது. பாடப் புத்தகத்தின் கணக்கு பணம் இட்டவனுடைய பக்கத்திலிருந்தே பேசுகிறது. இட்ட பணம் வளர்கிறது. வளர்வது நல்லதுதானே என்று பிள்ளை மனம் பழகிவிடும். கற்பதால் பாவத்தின் மீது கூச்சம் மழுங்கிவிடும் என்று பெரியோர் அஞ்சுவது இதனால்தான். அந்த அச்சத்திற்கு விடை பாடத்தை மூடுவதன்று. கணக்கின் மறுபக்கத்தையும் திறந்து காட்டுவது. "இதே கணக்கைக் கடன் வாங்கியவன் பக்கத்திலிருந்து போடு" என்று கூறி, பெயரைக் குறிப்பிடாமல், நம் பழைய மாணவனின் கணக்கை அவளிடம் கொடுத்தோம். 50,000 ரூபாய்; மாதம் 10 விழுக்காடு; பன்னிரண்டு மாதம்.

1.1-இன் மடக்கை 0.0414. பன்னிரண்டால் பெருக்கினால் 0.4968. அதற்குரிய எண் 3.139. ஆகத் தொகை 1,56,950-க்கு அருகில் என்றாள். வாய்பாடு நான்கு இலக்கத்தோடு நிற்பதால் சிறு வேறுபாடு வரும் என்று தானே சொல்லி, பன்னிரண்டு முறை பெருக்கியும் பார்த்தாள்: 1,56,921. அன்று நாமும் அவனும் விளங்காமல் விழித்த அதே தொகை! ஒரு பிள்ளைக்கு அதைக் காணக் கால்மணி நேரம் போதுமானதாயிருந்தது.

பின்பு அவளே கேட்டாள்: "இந்தக் கடன் எப்ப இரட்டிப்பாகும்?" கணக்கிட்டு, "7.27. எட்டு மாசம் முடியறதுக்குள்ளே கடன் ரெண்டு மடங்குக்கு மேலே ஆயிடுது மாமா. அவர் எப்படிக் கட்டினார்?" என்றாள். அதற்கு நம்மிடம் விடையில்லை. எத்தகைய கடன் இது என்பதை உணர்ந்தே தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அந்தத் தாளைப் பார்த்து விழித்த நாளில் அச்சட்டமும் நடைமுறையில் இருந்தது. கணக்கு விளங்காத நமக்கு அதன் துணையை நாடவும் தோன்றவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் ஆலு இம்ரான் அத்தியாயத்தை ஓதும்போது, வட்டியைத் தடுக்கும் 130ஆவது வசனத்தில் நின்றுவிட்டோம். அங்கே வட்டியைக் குறிக்க 'அள்ஆஃபன் முளாஅஃபா' என்ற சொற்கள் வருகின்றன. 'ளிஃப்' என்றால் மடங்கு. மடங்கின் மேல் மடங்காய்ப் பெருகுவது என்பது கருத்து. அறியாமைக் காலத்தில் தவணை வந்ததும், இப்போது தருகிறாயா அல்லது தொகையைக் கூட்டிக்கொள்கிறாயா என்று கடன்பட்டவனைக் கேட்பது வழக்கமாயிருந்ததென விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். முப்பது ஆண்டுகளாக இச்சொற்களுக்குப் பொருள் சொல்லி வருகிறோம். அகராதிப் பொருள் தெரிந்தது. அந்தப் பெருக்கத்தின் கொடுமை தெரியவில்லை. ஒரு பிள்ளையின் ஏட்டில் 50,000 என்பது 1,56,921 ஆனதைக் கண்ட அன்றுதான் அச்சொல் நமக்கு விளங்கிற்று. குறைந்த வட்டிக்கு இவ்வசனம் இடம் தருகிறதென்று எவரும் கொள்ளலாகாது. அசலுக்கு மேற்பட்ட எதையும் விட்டுவிடுமாறு அல்பகரா அத்தியாயம் தெளிவாகவே பணிக்கிறது. எட்டு விழுக்காடும் மடங்கின் மேல் மடங்காகத்தான் ஏறுகிறது. அதன் நடை சற்று மெதுவானது, அவ்வளவே. இதையும் அந்த வாய்பாடே காட்டிற்று.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைகள் வட்டிக் கணக்கோடு வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லாதீர்கள். விடையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவும் வேண்டாம். தெரிந்தால் படிப்படியாகச் சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது, சேர்ந்து கற்போம்' என்று அருகில் அமருங்கள். கணக்கு முடிந்ததும், இதே பெருக்கம் கடன்பட்ட ஓர் ஏழையின் வீட்டில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வினாவையும் கேளுங்கள். மாதத்திற்கு மூன்று விழுக்காடுதானே என்று எண்ணி ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுபவர், ஆண்டு முடிவில் அது முப்பத்தாறாக நில்லாமல் நாற்பத்திரண்டையும் தாண்டிவிடும் என்பதை அறிந்திருந்தால், பேனாவை எடுக்கும்போதே கை தயங்கும். தடுக்கப்பட்டது என்ற பயம் உள்ளத்தில் இருக்கவேண்டும். ஏன் தடுக்கப்பட்டது என்ற விளக்கம் அறிவில் இருக்கவேண்டும். முன்னதை மட்டும் கொடுத்து அனுப்பிய ஒரு பிள்ளை நெருக்கடியில் என்ன ஆனான் என்பதை நாம் கண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பிறகு அந்தப் பழைய மாணவனைத் தேடிச் சென்றோம். இப்போது கடை இல்லை. வேறொருவரிடம் கூலிக்கு இருக்கிறான். "அன்று அந்தக் கணக்கை விட்டுவிடு என்று உனக்குச் சொன்னது என் பிழை. அதைப் பொறுத்துக்கொள்" என்றோம். அவன் பதறிப்போய் நம் கையைப் பற்றிக்கொண்டான். "என்ன ஹஜ்ரத் இது, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான்.

நல்லதுக்குத்தான் சொன்னோம். ஆனால் தெரியாமல் சொன்னோம். கேட்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்து சொல்லும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நமக்கும், கற்பிக்கும் பொறுப்பிலுள்ள அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.